வெள்ளையடித்த சுவர்

குணசேகரத்துக்குச் சும்மா இருக்கத் தெரியாது. இருந்தால் கை அரிக்கும். எண்பதுகளின் கடைசியில் ஊரைவிட்டு ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, அங்கே இங்கே அலைந்து, கடைசியில் ஹாலே நகரத்தில் நிலைகொண்டு, அலுவலகக் கட்டடங்களில் காலமெல்லாம் துப்புரவு வேலை பார்த்தவர். ஓய்வு கிடைத்த பிறகும் அந்தக் கை ஓயவில்லை. கண்ணாடியில் ஒரு விரல் அடையாளம் தெரிந்தால் தேநீரை ஆறவிட்டுவிட்டுத் துணியோடு போவார். விருந்துக்கு வந்தவர்கள் எழும்ப முன்னமே அவர்கள் இருந்த கதிரையைத் துடைக்கிற மனிதர் என்று எங்கள் சனம் சிரிக்கும்.

அவருடைய மனைவி கலாதேவி நேர்மாறு. வேலை செய்வது வாய்தான். கடைக்குப் போனால் கத்தரிக்காயோடும் கதைத்துவிட்டுத்தான் வருவாள். அப்படிப்பட்டவளைப் பக்கவாதம் வந்து ஒரே பகலில் கட்டிலில் போட்டது. வலப்பக்கம் போனது, பேச்சும் போனது. பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வாராவாரம் வந்தாள். படம் காட்டினாள், தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள். கலாதேவி பார்த்துக்கொண்டே இருப்பாள், சொல் வராது. வீட்டின் அமைதி தாங்காமல் குணசேகரம் வானொலியைப் போடுவார். அதுவும் பிடிக்காமல் நிறுத்துவார்.

அவளுடைய கட்டில் பின்முற்றத்தைப் பார்த்த ஜன்னலோரம் இருந்தது. எதிரே ஒரு பழைய களஞ்சியம். அதன் கூரை இறவாரத்தின் கீழே வரிசையாக மண்கூடுகள். வசந்தம் பிறந்தால் ஆப்பிரிக்காவிலிருந்து வெள்ளை வயிற்றுத் தகைவிலான் குருவிகள் வந்து, ஈரமண்ணை அலகால் உருட்டி எடுத்து, பழைய கூடுகளின் உடைந்த விளிம்பை அடைத்துக் குடியேறும். போன வருடம் முதல் சோடி வந்த அன்று குணசேகரம் அவளுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தார். அவருடைய கையை இடக்கையால் தட்டிவிட்டுக் கலாதேவி வாயைத் திறந்தாள்.

"வந்திட்டினம்," என்றாள்.

வீட்டுக்கு விருந்தாளிகள் வந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதார். அந்தக் கோடை முழுவதும் குருவிகளைப் பற்றி மட்டும் அவளுக்குச் சொல் வந்தது. குஞ்சு என்றாள், மண் என்றாள், பசி என்றாள். ஆவணியில் அவை போனதோடு சொல்லும் நின்றது. எது அவளைப் பேச வைக்கிறதோ அதை விட்டுவிடாதீர்கள் என்று பயிற்சிப் பெண் சொன்னாள். இன்னொரு வருடம் பேசாமலே போனால், அதற்குப் பிறகு பேச்சு வருமென்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னாள். குளிர்காலம் முழுவதும் குணசேகரம் குருவிகளின் வரவைப் பார்த்தபடி இருந்தார்.

பார்த்தபடி மட்டும் இருந்திருந்தால் நல்லது. ஆனால் அதற்கு முன்னால் சித்திரை வருடப்பிறப்பு வந்தது. வீட்டைக் கழுவி, வெள்ளையடித்து, பழையதை வெளியே எறிந்துவிட்டுத்தான் நம் ஆட்கள் புதுவருடத்தை உள்ளே விடுவார்கள். குணசேகரம் களஞ்சியச் சுவரைப் பார்த்தார். கூடுகளில் பாதி உடைந்திருந்தன, கீழே எச்சம் வழிந்து காய்ந்திருந்தது. வரப்போவது கலாதேவியின் விருந்தாளிகள். அவர்களை இந்த ஊத்தைக்குள்ளா இருத்துவது? ஏணியை வைத்தார். கூடுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பெயர்த்தார், சுவரைத் தேய்த்துக் கழுவினார், பளபளக்கும் வெள்ளைப் பெயின்ற்றை இரண்டு தரம் பூசினார். பிறகு தோட்டக் கடையில் வாங்கிவந்த மரக்கூடுகளை, சிவப்புக் கூரையும் வட்ட வாசலும் வைத்த அழகான கூடுகளை, வரிசையாக அடித்து வைத்தார்.

வேலை நடந்த நேரமெல்லாம் கலாதேவி ஜன்னல் கண்ணாடியை இடக்கையால் தட்டிக்கொண்டே இருந்தாள். சந்தோசத்தில் தட்டுகிறாள் என்று அவர் ஏணியில் நின்றபடி கை காட்டினார். பிறகும் தட்டவே, தண்ணீர் விடாயாக்கும் என்று இறங்கிப் போய்ப் பருக்கிவிட்டுத் திரும்பவும் ஏறினார்.

பக்கத்து வீட்டு லேமன் அம்மா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். அந்தக் கூடுகளில் கை வைப்பதே சட்டப்படி குற்றம் என்றார். அது கிடக்கட்டும், இந்தக் குருவி மரப்பெட்டிக்குள் நுழையாது என்றார். பழைய கூட்டைத் தேடித்தான் அது வரும். கூடு இல்லையென்றால் முதலிலிருந்து மண்ணால் கட்டவேண்டும். இந்த வழுவழுப்பில் மண் நிற்குமா என்று கேட்டார். குணசேகரம் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். கலாதேவி எதற்காகத் தட்டினாள் என்பது அப்போதுதான் விளங்கியது. முற்றத்துக் கல்லில் இருந்துவிட்டார்.

பாவம், அதற்குப் பிறகு மனிதர் செய்யாதது ஒன்றில்லை. மரக்கூடுகளைக் கழற்றினார். பெயின்ற்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்த்தார். பூசியது அவருடைய கையாயிற்றே, லேசில் விடவில்லை. லேமன் அம்மா சொன்னபடி செயற்கைக் கிண்ணக் கூடுகளைப் பொருத்தினார். அவற்றைச் சிட்டுக்குருவிகள் பிடித்துக்கொண்டன. மழையும் இல்லாத வசந்தம் அது. வாழ்நாளெல்லாம் சேறு துடைத்தவர் முற்றத்து மூலையில் களிமண்ணைக் கொட்டி, காலையும் மாலையும் தண்ணீர் விட்டுக் குழைத்துச் சேறு உண்டாக்கி வைத்தார்.

தகைவிலான் குருவிகள் வந்தன. பழைய இடத்துக்கு நேரே பறந்துவந்து, சுவரில் நெஞ்சை வைத்துத் தொங்கிப் பார்த்து, விலகிப் போய், மறுபடியும் வந்தன. ஒரு சோடி மட்டும் மண் எடுத்தது. விரல் அகலத்துக்கு ஒரு விளிம்பு கட்டியது. வெயில் ஏற அது காய்ந்து உரிந்து விழுந்தது. திரும்பக் கட்டியது, அதுவும் விழுந்தது. கலாதேவி கண்ணெடுக்காமல் குருவிகளைப் பார்த்தாள். குணசேகரம் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல் எதுவும் வரவில்லை. வைகாசி நடுவில் அந்தச் சோடியும் வேறு எங்கோ போய்விட்டது.

அன்று பின்னேரம் கதிரையைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு இருந்தார். தன்னுடைய கைகளைப் பார்க்கவே அவருக்கு வெறுப்பாக இருந்தது. அந்தக் கைகளால்தான் அவளுடைய இடக்கையைப் பிடித்தார்.

"கலா, தெரியாமல் செய்துபோட்டன். உனக்காகத்தான் செய்தனான். மழை ஒண்டு பெஞ்சுதெண்டால் அவை திரும்பி வருவினம், என்ன?"

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வெறுஞ்சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உதடு கோணியது, தொண்டைக்குள் ஏதோ புரண்டது. குணசேகரம் மூச்சை அடக்கிக்கொண்டு அவளருகே குனிந்தார்.

"இல்லை," என்றாள்.

போன கோடையில்கூட அவள் ஒரு சொல்லை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அவர் இன்னொரு சொல்லுக்காகக் காத்திருந்தார். அவள் ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வருடம் அவள் பேசியது அது ஒன்றுதான்.