அம்மா தேர்ந்தெடுத்த ஜெனரேட்டர்

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. லண்டனில் நாங்கள் இருந்த குட்மேய்ஸுக்கு மேலே விமானம் போனால் அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். படம் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் சரி, ரிமோட் அவர் கைக்குப் போய்விடும். விமானம் தாண்டியதும் சத்தம் பழையபடி வரும். அடுப்புக்கு மேலே இருந்த விசிறியையும் போட விடமாட்டார். அது இரைந்தால் வேறொன்றும் கேட்காதாம். அதனால் மீன் பொரித்த நாட்களில் என் பள்ளிச் சீருடையிலும் அந்த மணம் இருக்கும். எல்லா அம்மாக்களும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். ஒருமுறை தோழி ஒருத்தியின் வீட்டுக்கு மேலால் விமானம் போனபோது ஒருவரும் அசையவில்லை. பாவம், இந்தக் குடும்பத்துக்கே காது மந்தம் என்று முடிவுகட்டிவிட்டேன்.

எனக்குப் பத்து வயதாக இருந்த கோடையில் அப்பா ஒரு பழைய கேரவன் வாங்கினார். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகும் சின்ன வீடு. மடித்தால் மேசை, விரித்தால் கட்டில். அதற்குள் ஏறி நின்ற அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு செப்டம்பரும் ஆசிரியை விடுமுறைக்கு எங்கே போனீர்கள் என்று கேட்பார். ஒருத்தி ஸ்பெயின் என்பாள், இன்னொருத்தி துருக்கி என்பாள். நான் ஃபாரஸ்ட் கேட் என்பேன். பஸ்ஸில் போய்விடக்கூடிய அங்கேதான் சித்தப்பாவின் வீடு இருந்தது. அம்மா உறவினர் வீட்டைத் தவிர வேறெங்கும் இரவு தங்கமாட்டார். கடலோரத்தில் பிறந்தவர், லண்டனுக்கு வந்தபின் ஒருநாளாவது கடலைப் போய்ப் பார்த்ததில்லை. இந்தமுறை எப்படியும் கூட்டிக்கொண்டு போவேன் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார்.

மின்சார வசதியுள்ள இடங்களெல்லாம் நிரம்பிவிட்டதால், எசெக்ஸ் கடற்கரையில் ஒரு விவசாயியின் வெறும் வயல்தான் கிடைத்தது. ஆகவே ஜெனரேட்டர் வேண்டும். எத்தனை வாட்ஸ் என்று கண்டுபிடிக்க அப்பா வீட்டிலிருந்த சாமான்களையெல்லாம் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பக்கத்தை வாசித்தார். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலைக் கவிழ்த்தபோது உள்ளே இருந்த சுடுதண்ணீர் காலில் கொட்டியது. "மூவாயிரம்!" என்று அவர் கத்தியது வாட்ஸுக்கா சூட்டுக்கா என்று தெரியவில்லை. ரைஸ் குக்கர், கிரைண்டர், இஸ்திரிப்பெட்டி எல்லாம் அந்தக் கணக்கில் ஏறின. ஒரே நேரத்தில் ஓடுவதை மட்டும் கூட்டினால் போதும் என்று கேரவன் கடைக்காரப் பெண் ஃபோனில் சொன்னதை அப்பா ஏற்கவில்லை.

"அது அவையின்ரை கணக்கு. திடீரெண்டு ஆராவது வந்தால்?" என்றார்.

நாங்கள் மூன்று பேர். கேரவனில் நான்கு பேர் நெருக்கிப் படுக்கலாம். ஆனாலும் எங்கள் வீட்டில் சோறு போடும் கணக்கு அதுதான். வராத விருந்தாளிக்கும் ஒரு பிடி உண்டு. மின்சாரமும் அப்படியே ஆயிற்று.

சித்தப்பா கல்யாணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ஒலி, ஒளி பூட்டுகிறவர். "அண்ணை, கடையிலை விக்கிறதுகள் ஒண்டும் காணாது. என்ரை பெரிசைக் கொண்டுவாறன். மண்டபத்தையே இழுக்கும்" என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை காலை அதைத் தன் வான் வண்டியில் ஏற்றி வந்தார். இரண்டு பேர் பிடித்தும் அது அசையமாட்டேன் என்றது. வீட்டு வாசலில் வைத்துக் கயிற்றை இழுத்து ஓடவிட்டார்கள். தெருவே அதிர்ந்தது. அப்பாவும் சித்தப்பாவும் வாயசைத்துச் சிரித்துக்கொண்டார்கள், ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவைக் கூப்பிட உள்ளே ஓடினேன்.

சமையலறையில் அம்மா இல்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த அலுமாரியின் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே, வாக்குவம் கிளீனருக்கும் பழைய சப்பாத்துகளுக்கும் நடுவே அம்மா குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்து மடியோடு அமுக்கிக்கொண்டார். அவர் நெஞ்சு அடித்தது என் காதில் கேட்டது. வெளியே இயந்திரம் நின்றது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பிடியை விடவில்லை.

"குடையைத் தேடினனான்" என்றார்.

வெளியே நல்ல வெயில். குடை அவர் காலடியிலேயே கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

மத்தியானம் அப்பாவிடம் சொன்னார்: "உந்தப் பெரிசைக் கொண்டுபோறதெண்டால் நான் வரேல்லை. நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ."

என் விடுமுறை என் கண்முன்னே கவிழ்ந்தது. இந்த வருடமும் ஃபாரஸ்ட் கேட்தான் என்று நினைத்தபோது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சித்தப்பா விடவில்லை. "அண்ணி, ரெண்டு நாளிலை காது பழகீடும்" என்றார். எதற்கும் வாதாடுகிற அப்பா அன்று ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை. "வேண்டாமடா, கொண்டுபோ" என்று சித்தப்பாவின் தோளில் கை வைத்தார். அம்மாவைக் கண்டால் அப்பாவுக்கு இவ்வளவு பயமா என்று எனக்கு இளக்காரமாக இருந்தது.

அடுத்த கிழமை கேரவன் சாமான்கள் விற்கும் கடைக்கு அம்மாவும் வந்தார். என்னென்ன ஓடவேண்டும் என்று கடைக்காரப் பெண் கேட்டாள். அப்பா கேத்திலில் தொடங்கினார். அம்மா குறுக்கிட்டு, தன் ஆங்கிலத்தில், முதலில் ஒவ்வொன்றாக இயக்கிக் காட்டச் சொன்னார். பிறகு என்னை முற்றத்தின் கடைசியில், வேலியோரமாகப் போய் நிற்கச் சொன்னார்.

"கத்தக் கூடாது. வீட்டிலை கூப்பிடுற மாதிரிக் கூப்பிடு."

அவர் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் முதுகு காட்டி நின்றுகொண்டார். நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை. அடுத்ததை இயக்கினார்கள். அதற்கும் திரும்பவில்லை. கடைசியாக, சூட்கேஸ் அளவில் ஒன்றை வைத்தார்கள். ஒருமுறைதான் "அம்மா" என்றேன், சட்டென்று திரும்பினார்.

"ஓம், இது காணும், இதுவே போதும்."

"இதிலை கேத்தில் ஓடாதப்பா" என்றார் அப்பா.

"கேத்தில் வீட்டிலை கிடக்கட்டும்."

என் குரல் கேட்கவேண்டும் என்பதற்காகவே அம்மா அதை எடுத்தார் என்று எனக்கு ஒரே புளுகமும் பெருமையும். கடலுக்குள் இறங்கி நான் கூப்பிட்டால் கேட்கவேண்டுமல்லவா? அந்தப் பெருமையோடு பல வருடங்கள் இருந்தேன். நான் பல்கலைக்கழகம் போன பிறகுதான் அப்பா ஒருநாள் கார் ஓட்டிக்கொண்டே சொன்னார். யுத்தகாலத்தில் ஊரில் அம்மாவின் அடுத்த வீட்டில் பெரிய ஜெனரேட்டர் ஒன்று இருந்ததாம். அது இரைந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், குண்டு போடும் பொம்மர் வந்த சத்தம் ஒருவருக்கும் கேட்கவில்லையாம். கடைசி நேரத்தில் அதை வானத்தில் கண்டு பதுங்குகுழிக்கு ஓடித் தப்பியவர் அம்மா மட்டும்தான். 

அந்தச் சின்ன ஜெனரேட்டரோடுதான் கடலுக்குப் போனோம். குக்கர் போட்டால் ஃபிரிட்ஜை நிறுத்தவேண்டும். தேநீர் காஸ் அடுப்பில். அம்மா முழங்கால் வரை கடலில் நின்றார், சேலைக் கரை நனைந்ததைப் பற்றிக் கவலைப்படவில்லை. அப்பா பயந்தபடியே இரண்டாம் நாள் சித்தப்பா வந்து சேர்ந்தார். "இதென்ன, விளையாட்டுச் சாமானோ?" என்று ஜெனரேட்டரைக் காலால் தட்டிவிட்டு, அதில் வெந்த சோற்றை இரண்டு தட்டு சாப்பிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் மத்தியானம் சோறு வெந்துவிட்டது. அம்மா கேரவன் நிழலில் பாய் விரித்துப் படுத்திருந்தார். அப்போது கடலுக்கு மேலால் ஒரு விமானம் வந்தது. வழக்கம் தெரிந்த பிள்ளையாக, ஜெனரேட்டரை நிறுத்த ஓடினேன்.

"விடு பிள்ளை, கேட்டனான். அது தன்ரை பாட்டிலை போகுது" என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமல். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. அம்மா பகலில் நித்திரை கொண்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

அப்பா வந்து பார்த்தார். பாத்திரத்தையும் துணியையும் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு சத்தம் வராமல் குக்கரின் பிளக்கைக் கழற்றி, அதைத் தூக்கி உள்ளே வைத்தார். ஜெனரேட்டரை நிறுத்தட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம், ஓடட்டும். சத்தம் மாறினால் எழும்பீடுவா."

ஒரு பிளக்கும் செருகாத ஜெனரேட்டர் எண்ணெய் தீரும்வரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அதன் பக்கத்தில் அப்பா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் ஒரு லைட்டை மறந்தாலே குதிக்கிற மனுஷன், இப்படி ஒன்றுக்குமில்லாமல் பெற்றோலை வீணாக்குகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.