ஏழு கீறல்கள்

இதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை. கூட்டிச் சொல்கிறவனாக இருந்தால் என் தொழிலில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. செத்துப்போனவர்கள் விட்டுச்சென்ற பழம்பொருள்களுக்கு விலை மதிப்பிடுவதுதான் என் வேலை. எத்தனையோ பேருடைய கட்டிலை, மூக்குக்கண்ணாடியை, பல்செட்டைக்கூடக் தொட்டுப் பார்த்தவன். பயந்ததே இல்லை. அந்த ஒரு சாயங்காலம் தவிர.

போர்க்காலத்தில் ராணுவத்தில் இருந்த ஒரு பெரியவர் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவருடைய கைத்துப்பாக்கிக்கு விலை போட வேண்டும் என்று மகன் கூப்பிட்டிருந்தார். வீட்டில் அவரும் அவர் தங்கையும்தான். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நான் போனதும் என்னைத் தபால்காரன் ஆக்கிவிட்டார்கள்.

"வித்தா ஆளுக்குப் பாதின்னு அவகிட்ட சொல்லுங்க சார்."

"எனக்கு எதுவும் வேண்டாம். அந்தச் சனியனக் கொண்டுபோய்க் கடல்ல போடச் சொல்லுங்க சார்."

பெரியவரின் அறையில் ஜன்னலோரம் மேஜை போட்டிருந்தார்கள். மணி ஐந்தே முக்கால். வெளிச்சம் இன்னும் இருந்தது. எதிர் மூலையில் ஓர் இளைஞன் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தான். கைகள் பின்னால். யாரும் அவனை அறிமுகம் செய்யவில்லை. கோபித்துக்கொண்ட சொந்தக்காரனாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். நான் போகிற வீடுகளில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்க ஓர் ஆளாவது இருப்பான்.

தோட்டா அடைக்கும் மேகசினைக் கழற்றினேன். காலி. துப்பாக்கிக்குள் தோட்டா ஏதும் தங்கியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். அதுவும் காலி.

"எதிரி ஆபீசர்கிட்ட இருந்து அப்பா பிடுங்கினது சார். எவ்வளவு தேறும்?"

"வெறும் துப்பாக்கிக்குக் கொஞ்சம்தான். இந்தக் கதைக்கு ஒரு சாட்சி இருந்தா நல்லா ஏறும்."

கைப்பிடியின் மரத்தகட்டைத் திருகிக் கழற்றினேன். உள்ளே இரும்பில் ஏழு கீறல்கள். கத்தி முனையால் வரிசையாக.

மகனுக்கு வாயெல்லாம் பல். "ஏழு பேரைப் போட்டிருக்காரு!"

எனக்கு உறுத்தியது கீறல்கள் அல்ல. பக்கத்தில் இருந்த முத்திரை. அது நம் ராணுவத்தின் முத்திரை. எதிரியின் துப்பாக்கியில் அது எப்படி வரும் என்று மகனிடம் கேட்டேன்.

"அதையெல்லாம் யார் சார் நோண்டப் போறா?" என்றார்.

தங்கை வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தார். "அப்பா அத வெறுங்கையால தொட்டதே இல்ல சார். துணியச் சுத்தித்தான் எடுப்பாரு."

அவ்வளவுதான். பேசாதவர்கள் பேச ஆரம்பித்தார்கள். சண்டை ஹாலுக்கு நகர்ந்தது.

அறையில் நானும் அந்த இளைஞனும்.

"தம்பி, அந்த லைட்டக் கொஞ்சம் போடுங்க."

அசையவில்லை.

அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். வெறுங்கால். குதிகாலில் ஈரச் சேறு... தரையில் ஒரு சுவடும் இல்லை. பின்னால் இருந்த கைகள் அவன் கட்டிக்கொண்டவை அல்ல. யாரோ கட்டியவை.

கயிறு.

ஹாலில் சத்தம் நின்றது. நின்றதா, எனக்குத்தான் கேட்கவில்லையா... தெரியாது.

"திரும்பலாமா சார்?"

குளிரில் வெடவெடக்கிற குரல்.

துப்பாக்கியோடு என் வலது கை எழுந்திருந்தது. நான் தூக்கவில்லை. குழல் அவன் பிடரிக்கு நேராக. விரல் விசையில்.

இறக்கப் பார்த்தேன்... முடியவில்லை.

"சார்... ஒரே ஒரு தடவை..."

தலை மெல்லத் திரும்பியது. காது... கன்னம்...

டிக்.

மூலை காலி.

மகன் ஓடி வந்தார். மூக்கைச் சுளித்தார். "வெடிமருந்து வாடை அடிக்குதே! சுட்டீங்களா சார்?"

"மூலைல நின்ன தம்பி எங்க?"

"எந்தத் தம்பி?"

தங்கை மட்டும் எதுவும் கேட்கவில்லை. அறைக்குள் கால் வைக்கவும் இல்லை.

அந்த வேலையை அன்றே உதறியிருக்க வேண்டும். ஆனால் அடுத்த வாரமே சாட்சி கிடைத்துவிட்டது என்று மகன் வந்து நின்றார். அவருடைய அப்பாவோடு ஒரே படையில் இருந்தவராம். போனோம். பார்வை போன ஒரு கிழவர், நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தார்.

மகன் எதிரி ஆபீசர் கதையைச் சொல்லி முடித்ததும் கிழவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"உங்கப்பன் எதிரி மூஞ்சியப் பாத்ததே இல்லப்பா. சண்டையில பயந்து ஓடுற நம்ம பசங்களப் பிடிச்சிட்டு வருவாங்க. சுவரைப் பாக்க நிறுத்திப் பின்னாலேருந்து சுடணும். அதுதான் அவன் வேலை. ஏழு பேரு. கடைசி ஆளு..."

மகனின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"உங்க மாமன். உங்கம்மாவோட தம்பி. அக்காவப் பாக்கணும்னு ஓடினவன்."

மகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தனக்குத்தானே முணுமுணுத்தார். "சாகற வரைக்கும் அம்மா வாசலையே பாத்துட்டு இருந்தாங்க. அப்பாவும் கூட உக்காந்து, வருவான் வருவான்னு சொல்லுவாரு..."

தெருவுக்கு வந்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் நடந்தார். நின்றார்.

"சார்... இந்தக் கதைக்கு எவ்வளவு போகும்?"

நான் என் வழியே நடையைக் கட்டினேன். அந்தத் துப்பாக்கியை அதன்பிறகு தொடவே இல்லை. அது யார் கைக்குப் போனது என்றும் விசாரிக்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. தங்கைக்குப் போன் செய்தேன். அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டேன்.

"தூக்கத்துலயே போயிட்டாருன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னோம்," என்றார். பிறகு அவர் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"கட்டில்ல இல்ல சார். காலைல போய்ப் பாத்தா சுவரைப் பாக்க முட்டி போட்டு இருந்தாரு. கை ரெண்டும் பின்னால. சட்டை மாத்த, கையப் பிரிக்கவே முடியல. மணிக்கட்டுல கயிறு இறுக்கின தடம்..."

"கயிறு?"

"வீடு முழுக்கத் தேடிட்டோம் சார். இல்ல."