நுரை வழித்த லாண்டரிக்காரர்

"நுரையைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா? நாப்பது வருஷமா நுரையிலதான் சோறு திங்கிறேன்" என்று எரிந்து விழுந்தார் லாண்டரிக்காரர். கையில் கரண்டி. காலடியில் ஆஸ்பத்திரியில் கொடுத்த வாயகன்ற மூத்திரக் கேன். துணி வேகும் அண்டாவில் அழுக்கு நுரையை எடுப்பதுபோல, அதில் மிதந்த நுரையை வழித்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

கையும் களவுமாகப் பிடித்தவள் அவருடைய அக்கா. புருஷன் போனபிறகு தம்பி கடையில் துணி மடிப்பவள். "அந்தக் கரண்டி இனிமே அடுப்படிப் பக்கம் வந்துச்சு, உன்னையும் சேத்து அண்டாவுல போட்டுருவேன்" என்றாள்.

அவருக்கு இதயம் தளர்ந்து கால் வீங்கியிருந்தது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாலே இரைக்கும். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொல்லியிருந்தார்: "தளர்ந்த இதயம், தேங்கின தண்ணியை வெளியேத்தச் சொல்லிக் கிட்னிக்கு ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அப்படிப் போற சிறுநீர்ல புரதமும் சேந்து கசியுதான்னு பாக்கணும். புரதம் கசிஞ்சா நுரைக்கும், உங்களுக்கு நுரை வேற வருதுங்கறீங்க. ஒரு நாள் முழுக்கப் போறதைப் பிடிச்சுக் கொண்டாங்க."

புரதம் கூடினால் வார்டில் படுக்க வைப்பார்கள், கடைக்குப் பூட்டு விழும் என்று இவராகவே முடிவு கட்டிக்கொண்டார். நுரையை எடுத்தால் புரதமும் போய்விடும் என்பது இவர் கண்டுபிடிப்பு.

நுரையோடு அவருக்கு அப்படி ஓர் உறவு. கல்யாணமான புதிதில் அவரும் மனைவியும் தொட்டியில் இறங்கித் துணி மிதிப்பார்கள். நுரை முழங்கால்வரை ஏறும். அவள் ஒரு கை அள்ளி அவர் மீசையில் அப்பி, "கிழவா" என்பாள். இப்போது மீசை நிஜமாகவே வெளுத்துவிட்டது. பார்க்கத்தான் அவள் இல்லை. "உயரமா ஒரு நாற்காலி வாங்கிப் போட்டு உக்காந்து தேயுங்களேன்" என்று நச்சரித்தவளும் அவள்தான். "உக்காந்து தேச்சா மடிப்பு நிக்காது" என்பார் இவர்.

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய் வேறு கேன் வாங்கிவந்தாள். "பொய்யைக் கொண்டுபோய்க் குடுத்தா மருந்தும் பொய்யாத்தான்டா வரும். ஒழுங்காப் பிடி." பிடித்தார், கரண்டியில்லாமல்.

புரதம் கசியத்தான் செய்தது. டாக்டரம்மா மருந்தை மாற்றினார். "வார்டெல்லாம் வேண்டாம், கடையைத் திறங்க. ஆனா நின்னு தேய்க்கக் கூடாது."

எதையும் பாதி விலைக்குக் கேட்பவர், அன்று பேரமே பேசாமல் ஒரு நாற்காலியை வண்டியில் ஏற்றிவந்தார். மேசைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். இஸ்திரிப் பெட்டியைத் தொடவில்லை. மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னடா விலை?" என்றாள் அக்கா.

"அவ கேட்டப்போ இருபது. இன்னிக்கு முந்நூறு."