சட்டைக்காரம்மா கேட்ட சிவப்பு நூல்

நாடு சுதந்திரம் அடைந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகிற சாலையை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. அம்மா, அண்ணன், நான், மூன்றே பேர். ஒரு சனிக்கிழமை மதியம் ஒரு அம்மாள் எங்கள் வாசலில் ரிக்‌ஷாவை நிறுத்தாமல் போயிருந்தால், மறுநாள் எங்கள் அம்மா உயிரோடு இருந்திருக்க மாட்டாள். இதை அம்மாவே பலமுறை சொல்லியிருக்கிறாள், ஏதோ அடுத்த வீட்டுக்காரிக்கு நடந்தது போல.

பக்கத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு சட்டைக்காரம்மா இருந்தார். ஆங்கிலோ இந்தியர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கணவர் இறந்துவிட்டதால் சீமையில் இருக்கும் மகளிடம் போகப்போகிறேன் என்று வீட்டுச் சாமான்களை விற்றார். அதில் ஒன்று ரேடியோகிராம். வால்வு ரேடியோவும் கிராமபோனும் ஒரே மரப்பெட்டிக்குள். வாயடைத்துப் போய் வருஷக்கணக்காகிவிட்டதாம். அம்மா அதைப் பாட்டுக்காக வாங்கவில்லை.

"நல்ல தேக்குடா! உள்ள கீறத கயட்டிப் போட்டா துணி வெக்கலாம்" என்றாள்.

பெட்டி வீட்டுக்கு வந்ததும் அதன் பிளக்கின் இரண்டு முள்ளில் ஒன்றின் பக்கமாகக் கட்டியிருந்த சிவப்பு நூல் அம்மாவின் கண்ணில் பட்டது. "எவ இன்னாத்த மந்திரிச்சிக் கட்டினாளோ, சேசுவே!" என்று சிலுவை போட்டுக்கொண்டு, கத்தரிக்கோலால் வெட்டித் தெருவில் வீசிவிட்டாள்.

அண்ணனுக்குத் துறைமுகத்தில் மின்சார வேலை. நாள் முழுக்க கிரேன் மோட்டாரோடு மல்லுக்கட்டுகிறவன், ரேடியோகிராமில் துணி வைக்க விடுவானா? வேலை முடிந்து வந்த கையோடு அதன்முன் உட்கார்ந்துவிடுவான். மூர் மார்க்கெட்டில் தேடி ஒரு வால்வு வாங்கினான். செத்துக் கிடந்த செட்டில் மொத்தக் கரண்டும் ஒரேயடியாகப் பாய்ந்தால் புகைந்துவிடும் என்று நடுவில் ஒரு பல்பைச் சேர்த்து, மெல்ல மெல்ல உயிர் கொடுத்தான். அத்தனை நாளும் அம்மாவின் புகார் ஒன்றுதான். "இப்பத்தான் தரைய தொடச்சேன், பூட்ஸோட வந்து குந்திக்கினு கீறான் பாரு, பேஜாரு புட்ச்சவன்!"

பெட்டி பேச ஆரம்பித்ததும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார், அதன்பின் அம்மா தன் கையால் முதல் ரிக்கார்டு போட வேண்டும் என்று ஏற்பாடு. "அதுவரிக்கும் எவனாவது தொட்டீங்க, கைய ஒட்ச்சிடுவேன்" என்று எங்களை மிரட்டி வைத்திருந்தான். வெறும் ஜம்பம்தான். ஆனால் அந்த ஜம்பம்தான் அதுவரை அம்மாவைக் காப்பாற்றி வைத்திருந்தது.

சனிக்கிழமை மதியம் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, பெட்டிக்குள்ளேயே கிடந்த ஒரு ஆங்கில நடன ரிக்கார்டைப் போட்டான். அது ஒரே இடத்தில் தடுக்கித் தடுக்கி ஓடும். சந்து முழுக்கக் கேட்டது. அப்போதுதான் வாசலில் ரிக்‌ஷா நின்றது. பெட்டி படுக்கையோடு துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த சட்டைக்காரம்மா, தொப்பியைக் கையில் பிடித்தபடி உள்ளே ஓடி வந்தார். பாட்டைக் கேட்டபடி நின்றவரின் கண்கள் நிறைந்துவிட்டன.

"பொட்டிய திருப்பிக் கேக்க வந்துகீறாடி" என்று என் காதில் சொல்லிவிட்டு, அம்மா இடுப்பில் கைவைத்துப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். "வித்தது வித்ததுதான்மா."

அவர் அதைக் காதில் வாங்கவேயில்லை. "பிளக்குல செவப்பு நூல் இருக்குமே. எங்கே மேன்?" என்று அண்ணனைக் கேட்டார்.

"அறுத்துக் கடாசிட்டேன். எங்க வூட்ல அதெல்லாம் ஆவாது" என்றாள் அம்மா.

அவர் வலது கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு தழும்பு. ஒருநாள் ரிக்கார்டின் மேல் ஊசி வைக்கிற இரும்புக் கையைத் தொட்டதும் கரண்ட் தூக்கி எறிந்ததாம். அன்றைக்கு அவர் கணவர் கட்டிய அடையாளம் அந்த நூல். நூல் இருக்கும் பக்கம் மேலே வரும்படிதான் பிளக்கைச் செருக வேண்டும். செத்த பெட்டியாக விற்றதால் இதையெல்லாம் சொல்லத் தோன்றவில்லை, இப்போது பாட்டுக் கேட்டதும் பதறிப்போய் இறங்கினேன் என்றார்.

அண்ணனுக்கு ரோஷம். "நான் தெனம் தொட்டுக்கினுதானே கீறேன்? ஒண்ணும் ஆவலியே!"

அவர் அண்ணனின் ரப்பர் அடி பூட்ஸைப் பார்த்தார். பிறகு, ஈரம் காயாத சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்ற அம்மாவின் பாதங்களைப் பார்த்தார். அண்ணனின் முகம் செத்துப்போயிற்று.

அந்த மாதிரி செட்டில், வீட்டுக்கு வரும் இரண்டு கம்பிகளில் ஒன்று உள்ளே இருக்கும் இரும்புத் தட்டோடு நேராகச் சேர்ந்திருக்குமாம். பிளக்கைத் திருப்பிச் செருகினால், ஊசி வைக்கிற கைவரை முழுக் கரண்டும் வந்து நிற்கும். அண்ணன் அந்தப் பழைய பல்பை எடுத்தான். ஒரு கம்பியை முற்றத்துத் தண்ணீர்க் குழாயில் கட்டி, மற்றதை ஊசிக்கையில் வைத்தான். பல்பு பளீரென்று எரிந்தது. மறுநாள் அம்மா பிடிக்க வேண்டிய இடம் அது.

வெளியே ரிக்‌ஷாக்காரர் கத்தினார். "எம்மா, கப்பல் இன்னா என் வண்டியா, உனுக்காவ நின்னுகினு இருக்க?"

அவர் அசையவில்லை. பிளக்கைத் திருப்பிப் போடச் சொன்னார். பல்பு எரியவில்லை. "நூல் குடு" என்றார் அம்மாவிடம். அம்மா தையல் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டித் தேடிக் கொடுத்தாள். மேல்பக்கத்து முள்ளருகே முடிச்சுப் போட்டு, "வீடு மாத்தினா மறுபடி பல்பு வெச்சுப் பாக்கணும் மேன்" என்று சொல்லிவிட்டு அவர் ஓடினார். அம்மா பின்னாலேயே சந்துமுனை வரை ஓடினாள். ஏதோ சொல்லத்தான் ஓடினாள். அதற்குள் ரிக்‌ஷா திரும்பிவிட்டது. பெயர்கூடக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் தீர்த்தம் தெளித்தபோது, அண்ணன் பிளக்கைப் பிடுங்கிக் கையிலேயே வைத்திருந்தான். "அது இன்னா நூல்?" என்று சாமியார் கேட்டதற்கு அம்மா, "அது இருக்கட்டும் சாமி, அதையும் மந்திரிச்சிடுங்க" என்றாள். பிறகு ஒரே பக்கமாக மட்டும் நுழைகிற பிளக்கை அண்ணன் போட்டுவிட்டான், நின்று பாட்டுப் போடக் கீழே மரப்பலகையும் வந்தது. ஆனாலும் நூலை அவிழ்க்க அம்மா விடவில்லை. ஜெபமாலை முடிந்ததும் தினமும், 'கப்பலுக்குப் போன அந்த அம்மாவுக்காக' என்று தனியாக ஒரு ஜெபம் சொல்வாள்.

அவர் அந்தக் கப்பலைப் பிடித்தாரா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. விற்று முடித்த பெட்டி, முறைத்துக்கொண்டு நிற்கும் ஒருத்தி, புறப்படப்போகும் கப்பல். எனக்கென்ன என்று அவர் போயிருக்கலாம். போகாததால் அம்மா என் பிள்ளைகளை வளர்த்து, அவர்களின் கல்யாணத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனாள். இப்போது அந்த ஜெபத்தை நான் சொல்கிறேன், அந்த அம்மா கப்பலைப் பிடித்திருக்க வேண்டுமே என்று இன்னும் மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது.