பி.எம்.முக்கு முன் ரசஞ்சோறு

வருவாய்த்துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு பி.எம். என்றால் பிரேதப் பரிசோதனை. பிரதமர்கூட எங்கள் கோப்புகளில் இரண்டாம் பட்சம்தான்.

முந்தின நாள் என் தங்கை வீட்டுக்காரர் சிம்மக்கல்லில் தலைசுற்றி ஸ்கூட்டரோடு விழுந்திருந்தார். கோரிப்பாளையத்துப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சை. கூட இருந்த தங்கை, குளித்துவிட்டுத் திரும்பலாம் என்று என் வீட்டுக்கு வந்திருந்தாள். மதியம் இரண்டு மணிக்கு, சென்னையில் இருக்கும் அவள் மகனிடமிருந்து எனக்குச் செய்தி: "மாமா, ஆஸ்பத்திரில இருந்து பேசினாங்க. அப்பாவுக்கு நாலு மணிக்கு பி.எம். அம்மாவைக் கூட்டிட்டு உடனே போங்க. ஆதார் முக்கியம்."

விபத்து கேஸ், பரிசோதனை கட்டாயம். பொழுது சாயுமுன் முடிப்பார்கள். அடையாளம் காட்ட மனைவி வேண்டும். எதுவும் இடிக்கவில்லை. அவனைக் கூப்பிட்டேன், லைன் பிஸி. சொந்தபந்தத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று அதையும் சாட்சியத்தில் சேர்த்துக்கொண்டேன். துக்கம் விசாரிக்க எவனாவது அழைத்து அவள் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று போனை சைலன்ட்டில் போட்டேன்.

அடுத்தது எங்கள் பக்கத்து நடைமுறை. சாவு சொல்லுமுன் வயிற்றுக்கு ஏதாவது கொடுத்துவிட வேண்டும். சொன்னபின் பச்சைத்தண்ணி இறங்காது. ரசஞ்சோறு பிசைந்து வைத்தேன்.

"பசிக்கலண்ணே. கெளம்புவோம்."

"ரெண்டு வாய் தின்னுட்டுப் போவோம், தாயி."

"அம்புட்டும் எனக்கா?"

என் ஆயுசில் நான் அவளுக்குச் சோறு போட்டதில்லை. ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் தின்றாள், மெதுவாக. நானும் விரட்டவில்லை. போனவருக்கு என்ன அவசரம்?

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போனோம். மாடியேறியதும் நர்ஸ் பாய்ந்து வந்தார்.

"எங்கம்மா போனீங்க? உங்க கையெழுத்துக்குத்தான் டாக்டர் காத்திருக்கார். நாடித்துடிப்பு எறங்கிக்கிட்டே இருக்கு. பேஸ்மேக்கர் வைக்கணும்னு மகன்ட்ட சொன்னோமே!"

நீட்டிய படிவத்தின் தலையில் பி.எம். என்று எழுதியிருந்தது. இவர்களுக்கு பேஸ்மேக்கர்தான் பி.எம். தங்கை பேனாவை வாங்கவில்லை.

"அவருக்கு உசுரு இல்ல. நீங்க எதுக்கோ கையெழுத்து வாங்குறீங்க."

"ஐயோ, இருக்காரும்மா. மொதல்ல போடுங்க."

"எங்கண்ணன் சோத்தப் பெசஞ்சு வச்சப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. பாக்காமப் போட மாட்டேன்."

"நான்தான் தப்பா நெனச்சிட்டேன், போடு தாயி" என்று கெஞ்சினேன். என்னை அவள் நம்பவில்லை. கடிகாரத்தில் நாலாக ஐந்து நிமிஷம். கடைசியில் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கண்ணாடிக் கதவு வழியே காட்டினார்கள். அவர் கண்ணைத் திறந்து, யாரையோ தேடினார்.

கதவிலேயே தாளை வைத்துப் போட்டாள். கையெழுத்து கட்டத்தைத் தாண்டி ஓடியது. என் மேஜைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். நர்ஸ் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

டாக்டர் வெளியே வந்து "இனி பயமில்லை" என்று சொல்லும்வரை, என் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. அவள் எதிர்ச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.