மீன் பெட்டிக்குள் பதினேழு முட்டைகள்

கேள்வி விளங்காமல் தலையாட்டியதால்தான் முதல் பாம்பு என் வீட்டுக்கு வந்தது. நான் வுப்பர்டாலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்யும் ஜேர்மன் பெண் ஒருத்திக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன் பிறகு மூன்று கிழமை அவள் ரெஹாவில், காலுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையத்தில், தங்க வேண்டியிருந்தது. ஒரு நாள் மத்தியானம் என் வாய் நிறையப் பாண் இருந்த நேரம் பார்த்து, தன் கோர்ன்நாட்டரைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். கோர்ன் என்றால் தானியம் என்று தெரியும். நாட்டர் என்ற சொல்லை அதற்கு முன் கேட்டதில்லை. ஏதோ பூச்செடியாக்கும், தண்ணீர் ஊற்றினால் போதும் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன்.

அடுத்த நாள் அவளுடைய கணவன் பெரிய கண்ணாடிப் பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு எங்கள் மூன்றாம் மாடிக்கு மூச்சிரைக்க ஏறி வந்தான். பெட்டிக்குள் தோடம்பழ நிறத்தில், செம்மஞ்சளாக, ஒரு பாம்பு இருந்தது. நம்முடைய சாரைப்பாம்புக்கு அமெரிக்காவில் இருக்கும் தூரத்துச் சொந்தம் அது. விஷம் கிடையாது. கிழமைக்கு ஒரு எலிக்குஞ்சு தின்றுவிட்டுச் சும்மா கிடக்கும். இதெல்லாம் பிறகு படித்தது. அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அதற்கு இலையும் இல்லை, பூவும் இல்லை.

என் கணவருக்கு பேக்கரியில் வேலை. விடியமுன் போய் முற்பகலில் திரும்பிவிடுவார். அன்று வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"இஞ்சாரும், அதுக்குள்ளை என்ன?"

"பாம்பு."

"உயிரோடையோ?"

"ஓம்."

"சரி. நான் வெளியிலை நிக்கிறன். மூண்டு கிழமை முடியக் கூப்பிடும்."

அவரை எப்படியோ உள்ளே வரவைத்தேன். சின்ன அறைக்குள் பெட்டி, கதவு எப்போதும் சாத்தியிருக்க வேண்டும், தன்னைத் தொடச் சொல்லி ஒருநாளும் கேட்கக்கூடாது என்று மூன்று நிபந்தனை போட்டார். எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். நானே அதைத் தொடுவதாக இல்லை என்பதுதான் உண்மை.

ஐந்தாம் நாள் தொட்டேன். தண்ணீர்ச் சட்டியைக் கழுவ வேண்டியிருந்தது, அதுவோ சட்டியைச் சுற்றிப் படுத்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தூக்கினேன். வழுவழுவென்று ஈரமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அது உலர்ந்து, மெத்தென்று, கைக்கடிகாரத்தின் பழகிய தோல்வார்போல இருந்தது. மணிக்கட்டைச் சுற்றி ஏறி, முழங்கையில் நின்று, நாக்கை வெளியே விட்டு விட்டு என்னை விசாரித்தது. எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. அறைக்குள் தனியே நின்று விழுந்து விழுந்து சிரித்தேன். கதவுக்கு வெளியே கணவர், "கடிச்சுப்போட்டுதோ? கடிச்சுப்போட்டுதோ?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

மூன்று கிழமை முடிந்து பெட்டி திரும்பிப் போனபோது நான் மாடிப்படியில் நின்று அழுதேன். இரண்டு மாதத்துக்குள் எனக்கென்று இரண்டு பாம்புகள் வந்துவிட்டன. ஊர்வன விற்கும் சந்தை ஒன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் நடக்கும். அங்கேதான் வாங்கினேன். ஆண் தோடம்பழ நிறம். பெண் சாம்பல் நிறம், கறுப்புத் திட்டுகள். உறைபெட்டியில் முருங்கைக்காய்ப் பொதிக்குப் பக்கத்தில் எலிக்குஞ்சுப் பொதி இடம்பிடித்தது. கணவர் அந்தத் தட்டைத் திறப்பதையே விட்டுவிட்டார். அந்த வருடம் எங்கள் வீட்டில் முருங்கைக்காய்க் கறி வைக்கும் நாளை நான்தான் தீர்மானித்தேன்.

நிறக் கணக்கைச் சொல்லித் தந்தவள் முழங்கால் சுகமாகி வந்த அதே தோழி. தோடம்பழப் பாம்புக்கு உடம்பில் கறுப்பு இல்லை. சாம்பல் பாம்புக்குச் சிவப்பு இல்லை. இரண்டுமே இல்லாமல் ஒரு குஞ்சு பிறந்தால் அது வெள்ளையாக இருக்கும். கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. வெள்ளைப் பாம்பு! உடனே இரண்டையும் சேர்த்தேன். முட்டை வந்தது, குஞ்சு வந்தது, அத்தனையும் சாதாரணச் செம்மண் நிறம். அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்த கணவர், "அப்பன் தோடம்பழம், தாய் சாம்பல், பிள்ளையள் எல்லாம் மண்ணோ? ஆஸ்பத்திரியிலை மாத்திப்போட்டாங்கள் போல" என்றார்.

தோழி சிரித்தாள். இரண்டு நிறமும் அந்தக் குஞ்சுகளுக்குள் ஒளிந்திருக்கிறது, அவை வளர்ந்து முட்டையிடும்போது வெளியே வரும், பதினாறில் ஒன்று வெள்ளையாக வரலாம் என்றாள். வரலாம்தான், வரும் என்று இல்லை. நான் ஒரு பெண் குஞ்சை வைத்துக்கொண்டு மூன்று வருடம் காத்திருந்தேன். அதே மாதிரி நிறம் ஒளிந்திருந்த ஆண் ஒன்று தோழியிடம் இருந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க இரண்டையும் கெல்லரில், நிலக்கீழ் அறையில், குளிர் உறக்கத்துக்கு விட்டு, வசந்தத்தில் சேர்த்தோம். ஜூன் மாதம் ஈரப்பாசிக்குள் பதினேழு முட்டை கிடந்தது. தோல்போல மெதுவான ஓடு, ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே குவியல். உருட்டக்கூடாது என்பதற்காக ஒவ்வொன்றின் மேற்பக்கத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். 

அடைகாக்கும் பெட்டியைச் செய்து தந்தவர் என் கணவர். தமிழ்க் கடையில் மீன் வந்த வெள்ளை ரெஜிபோர்ம் நுரைப் பெட்டியை வாங்கி வந்து, வெப்பத் தகடு போட்டு, வெப்பத்தை அளந்து நிறுத்தும் கருவியும் பூட்டினார். "இது பாம்பு வேலை இல்லை, கரண்ட் வேலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூன்று தரம் கழுவியும் பெட்டியில் அறக்குளா மீன் மணம் போகவில்லை. முட்டைகள் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆகஸ்டில், குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்கியபோது, ஹம்பேர்க்கிலிருந்து தொலைபேசி வந்தது. என் கணவரின் மூத்த அக்கா, அதாவது என் மச்சாள், ஐந்து நாள் லீவில் வருகிறாவாம். வெள்ளிக்கிழமை றெயின். அவவுக்குப் பாம்பு விஷயம் எதுவும் தெரியாது. கணவருக்குப் பாம்பைவிட அக்காவில்தான் பயம் கூட.

"அறையைப் பூட்டிப்போடும். ஆர்பைட்ஸ்ஸிம்மர், வேலை செய்யிற அறை எண்டு சொல்லுவம்," என்றார்.

"பொரிச்சா?"

"பொரிக்காமல் பாரும்."

முட்டைக்கு எப்படிச் சொல்வது? சனிக்கிழமை காலை மச்சாள் குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தா. நான் நைசாக அறைக்குள் போய் மூடியைத் தூக்கினேன். ஒரு முட்டையில் பிளேடால் கீறியதுபோல ஒரு வெட்டு. அதற்குள்ளிருந்து பருப்பளவு தலை ஒன்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கில் ஒரு நீர்க்குமிழி. என்னை அறியாமலே வீரிட்டுக் கத்திவிட்டேன்.

மாக் கையோடு மச்சாள் வாசலில் நின்றா.

"என்ன பிள்ளை? விழுந்துபோட்டியே?"

நான் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றேன். மறைக்க முடியாத அளவு பெரிய பெட்டி அது.

"மச்சாள்… குஞ்சு பொரிக்குது."

"கோழியோ?"

"பாம்பு."

 அவவுக்குப் பின்னால் என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றார். அன்றைக்கு வீடு இரண்டாகப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

"தள்ளு, பாப்பம்," என்றா மச்சாள்.

அவவுக்கு ஹம்பேர்க்கில் ஒரு மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் சாப்பாடு கொடுக்கும் வேலை. இருபது வருடத்துக்கு மேலாக அங்கே இருக்கிறா. வயிற்றோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறா, பிள்ளையோடு போகிறவர்களைப் பார்த்திருக்கிறா. நடுவில் நடப்பதை ஒரு நாளும் பார்த்ததில்லை. "அந்தக் கதவுக்கு உள்ளை என்னை விடமாட்டினம்" என்றா, பெட்டிக்குள் குனிந்தபடியே. பிறகு நிமிர்ந்து தம்பியைப் பார்த்து, "டேய், அந்த முக்காலியைக் கொண்டுவா. புட்டை நீ அவி" என்றா.

அன்றும் மறுநாளும் அவ அந்த முக்காலியை விட்டு எழும்பியது கொஞ்ச நேரம்தான். நாங்கள் உரத்துப் பேசினால் விரலை உதட்டில் வைத்தா. வெட்டுகள் ஒன்றிலிருந்து நான்காகி, நான்கு பதினொன்றாகின. ஒவ்வொரு கீறலிலும் ஒரு தலை. கை தட்டினால் எல்லாத் தலையும் உள்ளே போய்விடும், கொஞ்சத்தில் ஒவ்வொன்றாகத் திரும்ப எட்டிப் பார்க்கும். மச்சாள் அவற்றோடு ஜேர்மன் மொழியில்தான் கதைத்தா. ஆஸ்பத்திரிப் பழக்கமாக்கும். "லங்ஸாம், லங்ஸாம்," என்றா. மெதுவாக, அவசரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு அவை வெளியே வரத் தொடங்கின. பென்சில் தடிப்பு, ஒரு சாண் நீளம். ஒன்றைப் பார்த்துச் "செம்மண்!" என்று நான் சொல்ல, அடுத்ததுக்கு மச்சாள் "தோடம்பழம்!" என்று கூவினா. சாம்பல் வந்தபோது இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். கீழ்வீட்டு மனுசி விளக்குமாற்றால் தன் வீட்டு உட்கூரையைத் தட்டினாள். திங்கள் காலையில் பதினாறு வெளியே வந்தாகிவிட்டது. கடைசி முட்டை மட்டும் கீறலே இல்லாமல் கிடந்தது. அது கெட்டுப்போயிருக்கும், இப்படி ஒன்றிரண்டு கெடுவது வழக்கம்தான் என்று மச்சாளுக்குச் சொன்னேன்.

"பொறு," என்றா. "முதல் பிள்ளைக்காரியள் சிலபேர் இப்பிடித்தான்."

பத்து மணியளவில் அந்த முட்டை அசைந்தது. கீறல் விழுந்தது. வெளியே வந்த மூக்கு இளஞ்சிவப்பு. கண் இரண்டும் மாதுளை முத்து. உடம்பு பின்னேரம்தான் வந்தது. பாலில் தோய்த்த நூல்போல அது வெளியே வழிந்தபோது, நான்கு வருடமாகக் காத்திருந்த நான் படம் எடுக்கக் கைபேசியைத் தேடி ஓடினேன். மச்சாள்தான் அழுதா. அழுதுகொண்டே சிரித்தா. தோழிக்கு நான் அனுப்பிய படத்தில் பாம்பைவிட என் நடுக்கம்தான் கூடுதலாகத் தெரிந்தது. அவள் வேலை முடிந்து நேரே ஷ்வேபபான் என்ற தொங்கும் றெயினில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். முன்பின் அறிமுகம் இல்லாமலே அவளும் மச்சாளும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை குஞ்சுகளைத் தனித்தனிச் சிறு பெட்டிகளில் விட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு தண்ணீர் மூடி, கொஞ்சம் பாசி. எண்ணிப் பார்த்தேன், பதினாறு. திரும்ப எண்ணினேன், பதினாறுதான். ஒரு பெட்டியின் மூடி அரை விரல் அளவு திறந்திருந்தது. தோடம்பழத்தில் ஒன்று இல்லை.

நானும் மச்சாளும் நாலு காலில் வீடு முழுக்கத் தவழ்ந்தோம். கணவருக்குச் சொல்லவில்லை. அவர் வேலையால் வந்து குளித்துக்கொண்டிருந்தார். சோபாவுக்குக் கீழே நான், அலுமாரிக்குப் பின்னால் அவ, அப்போது குளியலறைக் கதவு திறந்தது. கணவர் குளியல் அங்கியோடு நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, அங்கிக் கைக்குள்ளை ஏதோ நடக்குது."

"அசையாதை தம்பி."

"அசையேல்லை. அதுதான் அசையுது."

அவருடைய வலது கை மெல்ல அங்கிக்கு வெளியே வந்தது. மணிக்கட்டில் தோடம்பழ நிறத்தில் ஒரு வளையல், நுனியில் சின்னஞ்சிறு தலை. அது நாக்கை நீட்டி அவருடைய பெருவிரலைச் சோதித்தது. அவர் கத்துவார் என்று காத்திருந்தோம். அவர் கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"பாரமே இல்லையே," என்றார்.

தாங்கோ என்று கை நீட்டினேன். "கொஞ்சம் இரும்" என்றார். அங்கியோடு, நனைந்த தலையோடு, அரை மணித்தியாலம் சோபாவில் அப்படியே இருந்தார். மச்சாள் கொண்டுவந்த தேத்தண்ணியை இடது கையால் குடித்தார்.

மச்சாள் றெயினைத் தள்ளிப்போட்டு இன்னும் இரண்டு நாள் நின்றா. போன பிறகு தினமும் தொலைபேசி. "தோல் கழட்டினவையோ? சாப்பிட்டவையோ? வெள்ளையன் என்ன செய்யிறான்?" வெள்ளையன் மூன்று தரம் எலிக்குஞ்சை மறுத்துவிட்டு, நான்காம் தரம் விழுங்கியபோது அந்தச் செய்திக்காக அவ வேலையிடத்தில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தாவாம்.

அக்டோபரில் திரும்ப வந்தா. ஒன்று தனக்கு வேண்டும் என்றா. பெட்டி, வெப்பத் தகடு எல்லாம் ஹம்பேர்க்கில் தயாராம். மனதைக் கல்லாக்கிக்கொண்டு, வெள்ளை வேண்டுமானாலும் கொண்டுபோங்கோ என்றேன்.

"ச்சீ, அது நீ பெத்தது. எனக்கு அந்தச் சாம்பல் காணும். என்ரை சோபாவுக்கும் பொருந்தும்."

சின்னப் பெட்டியைத் துணிப்பைக்குள் வைத்து, பையைத் தன் கோட்டுக்குள் கதகதப்பாக அணைத்துக்கொண்டு றெயின் ஏறினா. இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு தொலைபேசி அடித்தது. ஓஸ்னாபுறுக் தாண்டியிருக்க வேண்டும்.

"பிள்ளை," என்று குசுகுசுத்தா, "பக்கத்திலை இருக்கிற மனிசி பைக்குள்ளை என்னண்டு கேட்டவ. நான் பொய் சொல்லேல்லை."

"ஐயோ, எழும்பி ஓடிட்டாவோ?"

"எங்கை ஓடுறது? பாக்கோணுமாம். இப்ப ஆறு பேர் நிக்கினம். ரிக்கெற் பாக்கிறவரும் நிக்கிறார். மூடியைத் திறக்கட்டோ?"

"வேண்டாம் மச்சாள்! மூடியாலை பாக்கட்டும்!"

சரி என்றா. ஆனால் தொலைபேசியை வைக்க மறந்துவிட்டா. கணவரும் நானும் தலையோடு தலை முட்டிக்கொண்டு கேட்டோம். அந்தப் பக்கத்தில் மச்சாள் தன் ஆஸ்பத்திரி ஜேர்மனில் றெயின் பெட்டி முழுவதுக்கும் விளக்கிக்கொண்டிருந்தா. இந்தப் பிள்ளைக்கு உடம்பில் சிவப்பு இல்லை, ஆனால் சுகதேகி, பிறந்தபோது நான் கூடவே இருந்தேன் என்றா. யாரோ கை தட்டினார்கள். இன்னொருவர் எத்தனை மாதம் என்று கேட்டார். அவ பதில் சொல்லத் தொடங்கியதும் இணைப்பு அறுந்துபோனது. கணவர் சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டார்.