காளிதாசன் அண்ணனும் இன்ஸ்பெக்டர் நண்டும்

காளிதாசன் அண்ணன் யான் என்ற ஊரிலிருந்து குருண் நகரத் தொழிற்சாலைக்கு ஆளேற்றும் பஸ் ஓட்டுகிறார். ஐம்பத்திரண்டு வயது. 'கொடுக்கு' என்ற சிறுவர் சித்திரக்கதை வார இதழைப் பத்து வயதிலிருந்து விடாமல் படிக்கிறார். குழந்தைகளுக்கான பத்திரிகைதான், ஆனால் குருண் கடையில் அதை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் மூக்குக்கண்ணாடி போட்டவர்கள்.

சனிக்கிழமை பசாருக்கு, அதாவது சந்தைக்குப் போகும் மனைவி குணசுந்தரி அக்காதான் இதழை வாங்கி வருவார். அண்ணன் ஞாயிறு காலைதான் பிரிப்பார். வேலைக் களைப்போடு படித்தால் படமெல்லாம் வீணாம். கண் முந்திக்கொண்டு அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடக் கூடாதென்று வலப்பக்கத்தைத் துண்டால் மூடிவைத்துப் படிப்பார்.

அந்த வாரம் கொடுக்கின் தொடர்கதையில் இன்ஸ்பெக்டர் நண்டு முகமூடித் திருடனைப் பிடிக்கவேண்டிய வாரம். யாரென்று தானே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று ஐந்து மாதமாகக் காத்திருந்தார். சனிக்கிழமை மாலை பஸ்ஸில் பின்சீட்டு மனோகரன் குரல் கொடுத்தான்.

"அண்ணே, அந்த முகமூடி யாருன்னா..."

வயல் நடுவே பஸ் நின்றது.

"வாயத் தொறந்த, இங்கயே எறக்கி வுட்டுருவேன். கொக்கோட சேந்து நடந்து வா."

"ஐயோ, ஷிப்டுக்கு லேட்டாகுது லா!" என்றார் தேவகி அக்கா. "டேய் மனோகரா, வாய மூடு. நண்டுக்காக என் சம்பளம் போகணுமா?"

மனோகரன் வாயைப் பொத்திக் காட்டிய பிறகே பஸ் நகர்ந்தது.

மறுநாள் காலை, அடுப்படிக் குழாய் ஒழுகுகிறதென்று குணசுந்தரி அக்கா ஸ்பானர் கேட்டிருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து நான் கொண்டுபோனபோது அண்ணன் துண்டு சகிதம் காற்றாடிக்கடியில் உட்கார்ந்திருந்தார்.

"பைப்பப் பாருங்கன்னா நண்டப் பாத்துக்கிட்டு இருக்கீங்க!"

"ரெண்டே பக்கம், சுந்தரி."

"என்னா ரெண்டு பக்கம்? முகமூடி போட்டது நண்டோட தங்கச்சி புருசன். போதுமா? எந்திரிங்க!"

அண்ணன் மெல்லத் தலை நிமிர்ந்தார்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

அக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "பசார்ல பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு இருக்கறப்ப சும்மா எவ்ளோ நேரந்தான் ரோட்டப் பாக்கறது?"

"எத்தன வருசமா?"

அக்கா அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அப்ப, கொடுக்குல ஆமைத் தாத்தா செத்த வாரம் நீ அழுதது?"

"வெங்காயம்."

"அன்னிக்கு நாம சமைக்கவே இல்ல. பசார்ல வாங்கின மீ நூடுல்ஸ்தான் சாப்பிட்டோம்."

அக்காவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. அண்ணனுக்குக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார்.

"அடுத்த வாரத்திலேர்ந்து நான் படிச்சிட்டுத்தான் நீ படிக்கணும். சொல்லிட்டேன்."

"சரி," என்றார் அக்கா. "அப்ப பசாருக்கும் நீங்களே போய்ட்டு வாங்க."

அண்ணன் என்னிடம் கையை நீட்டினார். ஸ்பானரைக் கொடுத்தேன்.